வண்டியைப் பார்க்காதவரிடம் பழுது கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி மேம்பால நெரிசலில் சூடு முள் ஏறினாலும், பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் ஏசி விட்டுப்போனாலும், முதலில் கை போவது போனுக்குத்தான். தெரிந்தவருக்குத் தெரிந்தவர், பெட்ரோல் பங்கில் பக்கத்து வண்டிக்காரர், முகமே பார்க்காத யாரோ ஒருவர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் நல்லதும் இருக்கும், இன்ஜினை இறக்க வைப்பதும் இருக்கும். டிஎன் 23, 73, 25 (வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை) வண்டிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. "வண்டியைப் பார்க்காம, கேட்டே இன்னா பழுதுன்னு ஒருத்தரால சொல்ல முடியுமா?"

பாதி முடியும். எந்த நேரத்தில், எந்த வேகத்தில், இன்ஜின் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்ற விவரம் கிடைத்தால் இருபது சந்தேகத்தை மூன்றாகக் குறைத்துவிடலாம். அந்த மூன்றில் எது என்பதை வண்டியைத் தொட்டுப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஹோஸ் ஊறிப் போயிருக்கிறதா, பால் ஜாயின்ட் ஆடுகிறதா என்பதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் மட்டும் தெரிகிற விஷயங்கள்.

ஆகவே முகம் தெரியாதவர் சொல்லும் யோசனையை வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

2. "நான் இன்னா இன்னா விவரம் சொல்லணும்?"

மாடல், வருடம், பெட்ரோலா டீசலா, ஓடிய கிலோமீட்டர், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா. அடுத்து, பழுது எப்போது ஆரம்பித்தது, அதற்குச் சற்று முன் வண்டியில் என்ன வேலை நடந்தது. பலர் இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிடுகிறார்கள். சர்வீஸ் முடிந்து வந்த வாரத்தில் வரும் பழுதில் பெரும்பங்கு, சரியாக மாட்டாத கனெக்டர், இறுக்காத கிளிப், மடங்கிப்போன ஹோஸ் மாதிரியான சில்லறை விஷயமாகவே இருக்கும்.

"அண்ணா, வண்டியில பிக்கப் இல்ல, இன்னா பண்ணலாம்?" என்று கேட்டால் ஏர் ஃபில்டரில் ஆரம்பித்து கிளட்ச், டர்போ வரை எல்லாவற்றையும் சொல்வார்கள். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "2016 மாடல் டீசல், 1,12,000 கிலோமீட்டர். பத்து நாளா ஏற்றத்துல மட்டும் இழுவை இல்ல. சமதரையில 80 வரைக்கும் சரியா போகுது. ஆக்சிலரேட்டரை அழுத்தினா உஸ்ஸுன்னு காத்து சத்தம், பின்னாடி கருப்புப் புகை. லைட் எதுவும் எரியல. போன மாசம் ஏர் ஃபில்டர் மாத்தினோம்." விஷயம் தெரிந்தவர் இதைப் படித்ததும் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் நழுவியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்வார். அந்த ஹோஸைச் சுற்றி எண்ணெய்க் கசிவு படிந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்று: உங்கள் முடிவைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். "டர்போ போயிடுச்சு, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் டர்போ விலைதான் பதிலாக வரும்.

3. "சத்தம் வருதுன்னு சொன்னா போதாதா? ரெக்கார்ட் பண்ணியும் அனுப்பினோமே?"

பதிவு மட்டும் போதாது. போன் மைக் காற்றுச் சத்தத்தையும் டயர் சத்தத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். கண்ணாடியை ஏற்றி, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இருபது வினாடி பதிவு செய்யட்டும். ஓட்டுபவர் "இப்ப 40, மூணாவது கியர், பிரேக் அழுத்துறேன்" என்று பேசிக்கொண்டே ஓட்டினால் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு.

அதற்கு முன் ஒரு பிரிப்பு வேலை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை மட்டும் உறுமவிட்டால் சத்தம் வருகிறதா? வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம். வராமல், ஓடும்போது மட்டும் வேகத்தோடு கூடிக் குறைந்தால் சக்கரம், டயர், பேரிங் பக்கம். 50க்கு மேல் ஊளையிடுவது போன்ற சத்தம் வந்து, வலப்பக்கம் வளைக்கும்போது அது அதிகமானால் சந்தேகம் இடது வீல் பேரிங் மேல், ஏனென்றால் வளைவில் பாரம் இடப்பக்கம் சாயும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் டக் என்று வந்தால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகும்போது லொடலொட என்றால் சஸ்பென்ஷனில் முதலில் லிங்க் ராட், பிறகு லோயர் ஆர்ம் புஷ். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சிட்டு ஒரு நிமிடத்தில் அடங்கினால் பெல்ட்.

பிரேக் சத்தத்துக்கு யோசனை கேட்டு நாளைக் கடத்த வேண்டாம். பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். இரும்பும் இரும்பும் உரசும் கர்ர் சத்தம் என்றால் டிஸ்க்கும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

4. "மஞ்சள் இன்ஜின் லைட் எரியுது. ஊர் வரைக்கும் ஓட்டிகினு போகலாமா?"

நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் நிதானமாக ஓட்டிப் போய்க் காட்டலாம். அதே மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்து, வண்டி உதறினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். அது விலை உயர்ந்த பாகம். இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) கோளாறோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

சிவப்பு விளக்குக்குத் தனிச் சட்டம். ஆயில் கேன் படமோ, தெர்மாமீட்டர் படமோ சிவப்பாக எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிடங்களிலேயே பேரிங்கைத் தின்றுவிடும். "அது சென்சார் கோளாறு, வந்துடுங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் வண்டியில் உண்மையா என்பது ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் தெரியாது.

5. "ஸ்கேன் பண்ணினா கோட் வந்துச்சு. அந்த சென்சாரை மாத்தினா சரியாயிடுமா?"

கோட், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண், தீர்ப்பு அல்ல, புகார். பி 0171 வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதைச் சொல்வது ஆக்சிஜன் சென்சார் என்பதால் அதையே மாற்றச் சொல்கிறார்கள். திருடன் வந்ததைக் கண்டு குரைத்த நாயை மாற்றுகிற கதைதான். பார்க்க வேண்டியவை: இன்டேக் பக்கம் கிழிந்த ஹோஸ், வேக்குவம் கசிவு, அழுக்கேறிய காற்று அளவு சென்சார், குறைந்த பெட்ரோல் பிரஷர்.

பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். இதற்குச் செலவே இல்லாத சோதனை உண்டு. இன்ஜின் ஆறியதும் முதல் சிலிண்டர் இக்னிஷன் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டினால் இப்போது பி 0302 வருகிறதா? வந்தால் காயில் போயிருக்கிறது. பி 0301 தானே திரும்ப வருகிறது என்றால் காயில் நல்லது. அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

கோடை அழிப்பதற்கு முன் அதோடு பதிவான விவரங்களை, அதாவது கோட் வந்த நேரத்தின் வேகம், கூலன்ட் சூடு, ஆர்பிஎம் ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் சொருகும் சின்ன ப்ளூடூத் அடாப்டரே இதற்குப் போதும்.

6. "வெயில்ல ஹீட் ஏறுது. தெர்மோஸ்டாட்டை கழட்டிப் போட்டுடு, வேலூர் வெயிலுக்கு அது தேவையே இல்லன்னு சொல்றாங்க. நிஜமா?"

இல்லை. இந்த ஊரில் அதிகம் புழங்கும் தவறான யோசனை இதுதான். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறக்கும். அதாவது கத்திரி வெயிலில் வெளியே 42 டிகிரி இருந்தாலும், இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூடு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதைக் கழற்றினால் நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் ஓடும். கம்ப்யூட்டர் 'இன்னும் குளிர்ச்சி' என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். மைலேஜ் போகும், பி 0128 கோட் வரும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்.

எங்கே சூடு ஏறுகிறது என்பதுதான் முதல் துப்பு. கிரீன் சர்க்கிளில் நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம். ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வேக ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்துபோய்க் குறைந்த வேகம் மட்டும் வேலை செய்யாமல் இருப்பதும் உண்டு. இதற்கு மாறாக நின்றால் சரி, 100ல் போகும்போது அல்லது ஏற்றத்தில் சூடு ஏறினால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட். கெட்டுப்போனது தெர்மோஸ்டாட்தான் என்றால் புதியது போடுங்கள். இடத்தைக் காலியாக விட வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது வெறும் மூடி இல்லை, பிரஷர் வால்வு. சுமார் 1.1 பார் பிரஷரைப் பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை தாங்குகிறது. ரப்பர் இறுகிப்போன மூடி பிரஷரை விட்டுவிடும். பெரிய வேலைகளுக்கு முன் இந்தச் சின்னப் பொருளை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

7. "ஏலகிரி ஏறிகினு இருக்கும்போது ஹீட் ஏறிடுச்சுன்னா? தண்ணி ஊத்தலாமா?"

முள் சிவப்புக்குப் போகும் முன்பே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டர் என்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வெந்து போவீர்கள், இன்ஜின் பிழைக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் உயர்ந்த கியரில் முக்கி முக்கி ஏறாமல் இரண்டாவது கியரில் ஏறினால் பம்பும் நன்றாகச் சுற்றும்.

முள் சிவப்புக்குப் போய்விட்டால் ஓரங்கட்டி அணையுங்கள். மூடியைத் தொடாதீர்கள், உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் பிரஷரில் உள்ள திரவம், திறந்த அடுத்த கணம் முகத்தில் பீய்ச்சும். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்ற யோசனையும் ஆபத்துதான். குறைந்தது அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விட்டு, மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும்போது திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் அலுமினியம் ஹெட் வளைந்துவிடலாம். வெளியிலிருந்து பக்கெட் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033க்கு அழைத்து உதவி கேட்கலாம்.

8. "போர் தண்ணி ஊத்தினா இன்னா ஆகும்? எல்லாம் தண்ணிதானே?"

இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் வீட்டு கெய்சர் காயிலில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றில் தண்ணீர் இன்னும் உப்பு. அவசரத்துக்கு ஊற்றலாம், ஊர் போய்ச் சேர்ந்ததும் மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே விற்கும் ரெடி கூலன்டை அப்படியே ஊற்ற வேண்டும். ரெடி கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்ப்பது பலர் செய்யும் பிழை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பாருங்கள். இரண்டு வகையைக் கலந்தால் சில சமயம் கூழாகிப் படியும்.

9. "கூலன்ட் குறைஞ்சிகினே வருது, கீழ ஒரு சொட்டு இல்ல. ஹெட் கேஸ்கெட்டுன்னு சொல்லிட்டாங்க."

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. அந்த முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். முதலில் மூடி (6ஆம் கேள்வி). பிறகு வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்னத் துளையில் காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். சூடான இன்ஜினில் கசிவு ஆவியாகிவிடும், தரையில் விழாது. முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு வாசனையோடு பனி படிந்தால் ஹீட்டர் கோர் (7ஆம் பதிலில் சொன்ன சின்ன ரேடியேட்டர்). அடுத்தது பிரஷர் டெஸ்ட்: கைப்பம்பால் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு பிரஷர் ஏற்றி 15 நிமிடம் நிறுத்தினால் எங்கே ஊறுகிறது என்று காட்டிவிடும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் குறைகிறது என்றால் நீல நிறத் திரவத்தை வைத்துச் செய்யும் கேஸ் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றில் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். அதைக் காட்டிவிட்டு ஹெட்டை இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாகப் பால் போல இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலேயே பால் போல இருந்தால்தான் விவகாரம்.

10. "காலைல ஸ்டார்ட் ஆகல. பேட்டரி மாத்துன்னு ஒருத்தரு, ஆல்டர்னேட்டர்னு ஒருத்தரு. யாரை நம்பறது?"

இரண்டு பேரையும் விட மல்டிமீட்டரை நம்புங்கள். வண்டியை இரவு முழுக்க விட்டு, காலையில் எதையும் தொடும் முன் பேட்டரியில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் சுமார் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. அடுத்து சாவியைத் திருப்பும்போது பாருங்கள், 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.5க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டர் இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள். பேட்டரி நல்லதாக இருந்தும் காலையில் இறங்கியிருந்தால், பூட்டிய வண்டியில் ஏதோ மின்சாரத்தை உறிஞ்சுகிறது. ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய கேமரா, ஜிபிஎஸ்ஸை முதலில் கழற்றிப் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது சொன்னால் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிக் காலத்துப் பழக்கம் அது. இன்று வோல்டேஜ் எகிறி, வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியு போய்விடலாம்.

11. "ஏசி கேஸ் வருஷா வருஷம் தீந்துடுதே, கேஸ் ஏத்தினா போதும்தானே?"

கேஸ் பெட்ரோல் இல்லை, தீர்வதற்கு. ஒரு வருடத்தில் குறைந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றியோ, ஒளிரும் சாயம் விட்டோ கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, குறைந்தது அரை மணி வேக்குவம் எடுத்து, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன கிராம் அளவுக்கு எடை போட்டு ஏற்ற வேண்டும். கேஜைப் பார்த்து குத்துமதிப்பாக ஏற்றினால் அதிகமாகிப் போய்க் கூலிங் இன்னும் குறையும்.

ஓடும்போது சில்லென்று இருந்து சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடான காற்று வந்தால் கேஸைத் தொட வேண்டாம். 6ஆம் பதிலில் சொன்ன ஃபேன் சோதனையைச் செய்துவிட்டு, கண்டென்சரின் தகடுகளில் அடைந்த தூசியையும் பூச்சியையும் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

12. "வெயில் காலத்துல டயர் காத்தைக் குறைச்சு வைக்கணுமா?"

கூடாது. காற்று குறைந்த டயர் அதிகமாக மடங்கி மடங்கி விரிந்து, அதனாலேயே சூடேறும். வெயிலில் வெடிக்கும் டயர்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவைக் காலையில், ஓட்டும் முன் நிரப்புங்கள். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பிஎஸ்ஐ அதிகம் காட்டுவது வழக்கம்தான், அதை இறக்கக் கூடாது.

13. "நம்ம ஊரு சூட்டுக்கு கெட்டி ஆயில்தான் நல்லதுன்னு 20டபிள்யூ50 ஊத்தச் சொல்றாங்க."

5டபிள்யூ30, 0டபிள்யூ20 கேட்கும் இன்ஜினில் பாதைகள் அந்த அளவுக்கு நெருக்கமாக அமைந்திருக்கும். கெட்டி ஆயில் ஸ்டார்ட் ஆனதும் மேலே ஏறத் தாமதமாகும். பிஎஸ்6 டீசலில் கூடுதல் தொல்லை: சாம்பல் குறைந்த வகை ஆயில் இல்லையென்றால் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். வண்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

14. "டிபிஎஃப் லைட் அடிக்கடி வருது. அதைக் காலி பண்ணிடு, பிரச்சனையே இருக்காதுங்கறாங்க."

காலி செய்வது சட்டப்படி தவறு, வாரன்டியும் போகும். சத்துவாச்சாரியிலிருந்து வேலைக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் ஃபில்டர் தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் சூட்டுக்கே வராது. விளக்கு வந்ததும் ராணிப்பேட்டைப் பக்கமோ ஆம்பூர் பக்கமோ நெடுஞ்சாலையில் 60க்கு மேல் சீராக 20 நிமிடம் ஓட்டுங்கள். பாதியில் அணைக்காதீர்கள். அப்படியும் போகாமல் இன்ஜின் விளக்கும் சேர்ந்து வந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஓட்டமே டவுனுக்குள் மட்டும்தான் என்றால், அடுத்த வண்டி பெட்ரோலில் வாங்குவது நல்லது.

15. "மைலேஜ் 18லேருந்து 13க்கு வந்துடுச்சு. எத்தனால் பெட்ரோல்தான் காரணமாமே?"

எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலைவிட சுமார் 6 முதல் 7 சதவீதம் சக்தி குறையும். ஏற்கனவே 10 சதவீதம் கலந்ததைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பதால் வித்தியாசம் இன்னும் குறைவு. 18லிருந்து 13 என்பது 28 சதவீத வீழ்ச்சி. மீதிக்கு ஒட்டிக்கொண்ட பிரேக், குறைந்த டயர் காற்று, தெர்மோஸ்டாட் (யாராவது கழற்றிவிட்டார்களா?), அழுக்கு ஏர் ஃபில்டர் என்று தேடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நாலு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது. டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், சீல் ரப்பர்கள் ஊறிக் கசியக்கூடும் என்பது வேறு கவலை, நியாயமான கவலை. வருடம் ஒருமுறை அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

16. "மூணு பேரு மூணு விதமா சொல்றாங்க. எதை முதல்ல செய்யறது?"

எப்படிச் சோதிப்பது என்று சேர்த்துச் சொல்பவரை முதலில் கேளுங்கள். "காயில் போயிருக்கும்" என்பதைவிட "காயிலை இடம் மாற்றிப் பார், கோட் கூடவே நகர்கிறதா பார்" என்பவர் விஷயம் தெரிந்தவர். வரிசை இப்படி: செலவில்லாதது, பிறகு எதையும் பிரிக்காமல் செய்வது, பிறகு மலிவானது, கடைசியில் இன்ஜினைத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரியாக்கியது என்று தெரியாது, நல்ல பாகம் இரண்டு குப்பைக்குப் போயிருக்கும்.

17. "யூடியூப் பார்த்து நானே செய்யலாமா? எதைத் தொடக்கூடாது?"

ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், வைப்பர், ஃபியூஸ், பேட்டரி, ஸ்பார்க் பிளக் வரை தாராளமாகச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் வேண்டும், செங்கல் அடுக்கு வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். ஏர்பேக், ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிற வயர், ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங், ஏசி கேஸ் லைன், காமன் ரெயில் டீசலின் இன்ஜெக்டர் பைப் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அந்த பைப்பில் ஓடும்போது 1,500 பாருக்கு மேல்கூட பிரஷர் ஏறும். ஊசி முனைக் கசிவே தோலைத் துளைக்கும்.

18. "இப்படி ஒருத்தரு சொன்னாருன்னு சொன்னா மெக்கானிக் கோச்சுக்கறாரு."

கோபம் வருவது யோசனையால் அல்ல, முடிவைத் தூக்கிக்கொண்டு போவதால். "இன்னாருன்னு தெரியாதவர் தெர்மோஸ்டாட்டுன்னு சொன்னார், மாத்துங்க" என்றால் அவர் மாற்றிவிடுவார், பழுது போகாவிட்டால் பொறுப்பும் உங்களுடையது. "அண்ணா, நின்னா ஹீட் ஏறுது, ஓடினா இறங்குது, ஏசி போட்டும் ஃபேன் சுத்தல" என்று 2ஆம் பதிலில் சொன்னபடி அறிகுறியை வையுங்கள். அவரே சரியான இடத்துக்குப் போவார். பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுப்பதிலும் இதே சிக்கல்: கூலிக்கு மட்டும்தான் அவர் பொறுப்பு. வாங்குவதானால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள், ஒரே மாடலிலேயே பாதி வருடத்தில் பாகம் மாறியிருக்கும்.

19. "காசு வாங்கிட்டாங்க, பழுது போகல. இன்னா செய்யறது?"

வேலைக்கு முன்பே ஜாப் கார்டில் அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் பிறகு கேட்க வழியில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. முகம் தெரியாதவர் சொன்னதை நம்பி நீங்களே மாற்றச் சொன்னதாக ஜாப் கார்டில் இருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம்.

20. "மெக்கானிக்கிட்ட எடுத்துகினு போனா மட்டும் பழுது வரமாட்டேங்குது!"

விட்டு விட்டு வரும் பழுதுக்கு ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, பெட்ரோல் அளவு, வெயிலா மழையா, ஏசி இருந்ததா. ஐந்தாறு முறை எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். சூடான பிறகு மட்டும் அணைந்துபோய், இருபது நிமிடம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் போகும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் என்றால் பெட்ரோல் பம்ப். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் கனெக்டரில் ஈரம்.

காட்டப் போகும் முந்தின நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள், கோடும் அதோடு பதிவானதும் அழிந்துவிடலாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது பழுது வரும் சூட்டோடு, அதாவது அதே தூரம் ஓட்டிய பிறகு போங்கள். காலையில் மட்டும் வரும் பழுது என்றால் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சாவியையும் கையோடு கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது, கடைப் பையன் வண்டியை ஓரமாக நகர்த்த ஒரு முறை ஸ்டார்ட் செய்தாலே அன்றைய சோதனை போச்சு.